துலக்குதலின் அறிவியல்: பித்தளையும் உருக்கு ஊசிகளும் யாழ்ப்பாணத்து நீரும்

மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் கடலாலும், தெற்கில் கடனீரேரியாலும் சூழப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் பித்தளைப் பொருட்கள் விரைவில் ஒளி மங்குகின்றன. உப்புத்துகள் கலந்த ஈரக்காற்று ஓயாது வீசும் நிலத்தில், துலக்கி வைத்த குத்துவிளக்கு சில வாரங்களிலேயே பழுப்பேறத் தொடங்குகிறது. விளக்கீட்டுக்கும் தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் முன்னர் வீடுகளிலும் கோயில்களிலும் பழப்புளி, தேசிக்காய், சாம்பல், செங்கல்தூள் ஆகியவற்றைக் கொண்டு விளக்குகளையும் செம்புகளையும் தேய்க்கும் உழைப்பு தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே நடந்துவருகிறது. இவ்வுழைப்பினுள் அடங்கியிருக்கும் வேதியியலையும் பொறியியலையும் தெளிவாகக் காட்டும் நவீன முறை ஒன்று உண்டு. கறையில் உருக்கினால், அதாவது எவர்சில்வர் பாத்திரங்களின் உலோகத்தினால், செய்யப்பட்ட சிறு ஊசிகளோடும் நீரோடும் பித்தளையை ஓர் உருளையிலிட்டுச் சுழற்றித் துலக்கும் ஈர உருட்டல் முறையே அது. எந்த முறையிலாயினும் ஒளி என்பது எதையோ நீக்குவதால் கிடைப்பது. எதை நீக்குவது, எவ்வளவு நீக்குவது, நீக்கியதை எங்கே விடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருப்பதே துலக்குதலின் அறிவாகும். மூன்றாவது கேள்வி குடாநாட்டைப் பொறுத்தவரை மற்ற இரண்டினும் கனமானது.

முறையின் தோற்றமும் தேவையும்

உருளையில் சிறு உருக்குத் துண்டுகளுடன் சுழற்றி உலோகத்தை மெருகேற்றும் வழக்கம் நகைத்தொழிலில் பழையது. அண்மைக் காலத்தில் அதை விரிவாகக் கைக்கொண்டவர்கள், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைச் சட்டப்படி மீளப் பயன்படுத்தும் மேலைநாட்டு விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுநர்கள் ஆவர். பித்தளைக் கோதின் உட்புறத்தில் வெடிமருந்தின் கரி படிந்திருக்கும். அதன் அடியில் தீப்பொறி உட்செல்வதற்கென ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை இருக்கும். துணியோ தூரிகையோ எளிதில் புகாத இவ்விடங்களுக்குள், ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் 6.5 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஊசி நுழைந்து வெளிவரும் என்பதே இம்முறையின் சிறப்பு.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கு நிகரான சிக்கல் மூக்குப்பேணியில் உண்டு. உதடு படாமல் அண்ணாந்து பருகுவதற்கென ஒரு புறம் கூரிய மூக்குடன் அமைந்த அப்பேணியின் மூக்கினுள் விரல் செல்லாது. அங்கே தங்கும் கசடு வெளிப்புற ஒளியால் மறைக்கப்பட்டுவிடுகிறது. குத்துவிளக்கின் திருகுகளிலும் சரவிளக்கின் சங்கிலிக் கண்ணிகளிலும் எரிந்த நல்லெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாக இறுகி, புகைக்கரியைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கோதின் கரியும் விளக்கின் கரியும் வெவ்வேறு நெருப்பில் பிறந்தவை எனினும், இரண்டும் ஒரே கலப்புலோகத்தின் மேல் ஒட்டிய காபன் படலங்களே ஆகையால், ஒன்றை அகற்றும் முறை மற்றதற்கும் பொருந்துகிறது.

பித்தளை என்னும் கலப்புலோகம்

செம்பையும் நாகத்தையும் உருக்கிச் சேர்த்தால் கிடைப்பது பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். தோட்டாக் கோதுக்கென உலகெங்கும் வழங்கும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் உள்ளன. நாகத்தின் அளவு ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை அதன் அணுக்கள் செம்பின் பளிங்கு அமைப்புக்குள்ளேயே இடம்பெறுவதால், அக்கலப்புலோகம் கிழியாமல் ஆழமாக இழுபடக்கூடியதாக இருக்கிறது. வட்டத் தகடு ஒன்றைப் படிப்படியாக அழுத்தி நீண்ட குழாய் வடிவக் கோதாக்க முடிவது இதனாலேயே. விளக்குகள் போன்ற வார்ப்புப் பொருட்களில் நாகம் இதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. கடைவதற்கு எளிதாகும்பொருட்டு ஈயமும் சிறிதளவு சேர்க்கப்படுவதுண்டு. இந்த ஈயம் பின்னர் கருதப்பட வேண்டியது.

மங்குதல் எவ்வாறு நிகழ்கிறது

துலக்கிய பித்தளை காற்றில் பட்டவுடனேயே அதன் மேற்பரப்பில் செம்பு ஒட்சைட்டும் நாக ஒட்சைட்டும் கலந்த மெல்லிய படலம் தோன்றுகிறது. செந்நிறமான குப்ரசு ஒட்சைட்டு தொடக்கத்தில் பழுப்புச் சாயலைத் தருகிறது. பின்னர் உருவாகும் குப்பிரிக்கு ஒட்சைட்டும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் விளையும் சல்பைட்டும் கருமையைத் தருகின்றன. ஈரமும் காபனீரொட்சைட்டும் சேரும்போது பச்சை நிறமான மூல காபனேற்று உண்டாகிறது. கடலோரத்திலோ உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் படலத்தை ஊடுருவி, மூலக் குளோரைட்டு என்னும் வேறொரு பச்சைப் படிவை உருவாக்குகின்றன. மக்கள் களிம்பு என்று ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் இத்தகைய பல சேர்மங்களின் தொகுதியாகும்.

சைவ சித்தாந்தம் ஊன்றிய இம்மண்ணில், உயிரோடு ஆணவமலம் கூடியிருப்பதற்குச் செம்பிற் களிம்பு உவமையாகக் கூறப்பட்டுவருவது பலரும் அறிந்ததே. செம்பு தன்னை விட்டகலாத இயல்பாகவே களிம்பைக் கொண்டிருப்பதாகத் தோன்றும் அளவுக்கு, அது எத்தனை முறை துலக்கினாலும் மீண்டும் வருகிறது என்ற கூர்மையான அவதானிப்பு அவ்வுவமைக்கு அடியில் இருக்கிறது. துலக்கும் ஒவ்வொரு முறையும் புதிய உலோகம் காற்றுக்குத் திறக்கப்படுகிறது என்பதே அம்மீள்வருகைக்கு வேதியியல் தரும் விளக்கம்.

அமிலத்தின் பங்கு

பழப்புளியில் தாத்தாரிக் கமிலமும் தேசிக்காயில் சித்திரிக் கமிலமும் உள்ளன. 1784 இல் சுவீடிய வேதியியலாளர் சீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து பளிங்குருவாகப் பிரித்தெடுத்த சித்திரிக் கமிலமே இன்று தூளாக விற்கப்பட்டு, உருட்டல் முறையிலும் பயன்படுகிறது. இவ்வமிலங்கள் இரண்டு வழிகளில் தொழிற்படுகின்றன. முதலாவதாக, அவை தரும் ஐதரசன் அயன்கள் ஒட்சைட்டிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகி, செம்பைக் கரையும் அயனாக விடுவிக்கின்றன. இரண்டாவதாக, அமில மூலக்கூற்றின் எஞ்சிய பகுதி அந்தச் செம்பு அயனைப் பல புறங்களிலிருந்தும் பற்றிக்கொண்டு, அது மீண்டும் படியாதவாறு கரைசலிலேயே நிறுத்திவைக்கிறது. துலக்கிய நீர் நீலப்பச்சையாக மாறுவது இவ்வாறு பற்றப்பட்ட செம்பினாலேயே.

படலம் கரையும்போது அடியிலுள்ள செம்பு கரையாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. செம்பின் நியம மின்வாய் அழுத்தம் ஐதரசனைவிட 0.34 வோற்று உயர்ந்திருப்பதால், ஒட்சிசனின் உதவியின்றி மென்னமிலம் அதைக் கரைக்க இயலாது. ஆனால் நாகத்தின் அழுத்தம் ஐதரசனைவிட 0.76 வோற்று தாழ்ந்தது. ஆகவே அமிலம் கூடினாலோ நேரம் நீண்டாலோ மேற்பரப்பிலுள்ள நாகம் தனியே கரைந்து வெளியேற, நலிந்த செம்புப்படை எஞ்சுகிறது. நாகநீக்கம் எனப்படும் இந்நிகழ்வின் அடையாளம், பொன்மஞ்சளாக இருந்த பித்தளை இளஞ்சிவப்பாக மாறுவதாகும். புளியை அப்பி இரவு முழுவதும் விட்டுவைத்த விளக்கில் தோன்றும் செம்மை, மிகுந்த தூய்மையின் அறிகுறியன்று; உலோகம் இழந்துபோனதன் அறிகுறி. உருளையில் லீற்றருக்கு ஒரு கிராம் அளவான சித்திரிக் கமிலமே போதுமென அளவு குறுக்கப்படுவதன் நோக்கம் இதுவே.

ஊசியின் பங்கு

அமிலம் ஒட்சைட்டைக் கரைக்குமே தவிர, கரியையும் பிசினையும் கரைக்காது. அவற்றை அசைத்து அகற்றுவதற்குப் பொறிமுறை விசை வேண்டும். செங்கல்தூளும் மணலும் இவ்விசையைத் தருகின்றன. ஆயினும் அவற்றின் கூரிய முனைகள் உலோகத்தைக் கீறி வெட்டுவதால், ஒவ்வொரு துலக்கலிலும் விளக்கின் நுண்வேலைப்பாடு சிறிது சிறிதாகத் தேய்கிறது. உருக்கு ஊசியோ வெட்டுவதில்லை. பித்தளையைவிடக் கடினமானதும் மழுங்கிய முனையுடையதுமான ஊசி மேற்பரப்பைத் தட்டும்போது, நுண்ணிய மேடுகள் பள்ளங்களை நோக்கி அழுந்திச் சமமாகின்றன. ஒப்பமாக்கல் எனப்படும் இச்செயலால் உலோக இழப்பு குறைவாகவும் ஒளி மிகுதியாகவும் அமைகிறது.

இதன் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மேற்சொன்ன பருமனுள்ள ஓர் ஊசியின் நிறை ஏறத்தாழ 0.058 கிராம்; எனவே ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 17,000 ஊசிகள் அடங்கும். நீருக்குள் 5 சென்ரிமீற்றர் வழுக்கி விழும் ஓர் ஊசி, நீரின் தடையைக் கருதாதவிடத்தும், ஒரு யூலின் பத்து இலட்சத்தில் 25 பங்கு அளவான சக்தியையே கொண்டுவரும். தனித்தனியே இத்துணை மென்மையான தட்டல்கள், நிமிடத்துக்கு 50 சுற்றுகள் சுழலும் உருளையில் சுற்றொன்றுக்கு ஊசியொன்றுக்கு ஒரு முறை மட்டுமே நிகழ்ந்தாலும், மணியொன்றில் ஐந்து கோடிக்கு மேற்படுகின்றன. வன்மையான சில அடிகளால் அல்லாமல் எண்ணிறந்த மெல்லிய தொடுகைகளால் வேலை முடிகிறது என்பதே இம்முறையின் அழகு.

சாதாரண இரும்பாணிகளை ஊசிகளுக்குப் பதிலாக இடமுடியாது. கரைசலிலுள்ள செம்பு அயன் இரும்பைக் கண்டவுடன் அதிலிருந்து இலத்திரன்களைப் பெற்று உலோகச் செம்பாக அதன் மேற் படிய, இரும்பு கரைந்து துருவாகிப் பித்தளையில் கறையை ஏற்றும். கறையில் உருக்கில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. பாத்திரங்களுக்கு மிகுதியாகப் பயன்படும் வகையிலோ ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. அக்குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுக் கவசத்தை உண்டாக்கி, கீறப்பட்டாலும் அதை மீண்டும் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இக்கவசத்தையும் துளைக்கவல்லது குளோரைட்டு அயன். ஆதலால் உவர்நீர்க் கிணறுகள் மிகுந்த ஊர்களில் ஊசிகளை நன்னீரில் அலசி உலர்த்தாமல் விட்டால் அவற்றிலும் குழிகள் விழும்.

சுழற்சியின் இயக்கவியல்

உருளை மிக மெதுவாகச் சுழன்றால் உள்ளீடு ஒன்றாக வழுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். மிக வேகமாகச் சுழன்றால் அனைத்தும் சுவரோடு ஒட்டிச் சுற்றும். இரண்டுக்கும் இடையில், ஒரு புறம் ஏறி மேற்பரப்பில் அருவியாகச் சரியும் நிலையே துலக்குதலுக்கு உகந்தது. சுவரோடு ஒட்டத் தொடங்கும் மாறுநிலை வேகத்தை, 42.3 என்னும் எண்ணை மீற்றரில் அளந்த உருளை விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறலாம். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளைக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 சுற்றுகள்; அதன் பாதியளவே நடைமுறையில் ஏற்றது. உருளையை நீரால் நிரப்புவதற்கு, அழுக்கைத் தாங்கிச் செல்வது மட்டும் நோக்கமன்று. பித்தளைப் பொருட்கள் ஒன்றோடொன்று மோதி விளிம்புகள் நசுங்காதவாறு நீர் மெத்தையாகவும் அமைகிறது. ஆனால் கனத்த பொருளின் மோதலை இம்மெத்தை தாங்காது. இதனால், கோதுகளுக்கும் பேணிகளுக்கும் ஏற்ற இம்முறை, கனத்த குத்துவிளக்கின் தண்டுக்கு ஏற்றதாகாது.

குடாநாட்டின் வன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லாகும். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று இக்கல்லைக் கரைத்துக்கொண்டே கிணறுகளை அடைவதால், கல்சியமும் இருகாபனேற்றும் செறிந்த வன்னீராக அது கிடைக்கிறது. கேத்தல்களின் அடியிற் படியும் வெண்ணிற ஓடு இதற்குச் சான்று. இந்நீர் துலக்குதலை மூன்று வகையில் இடறுகிறது.

முதலாவது, அமிலத்தின் இழப்பு. லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மையுள்ள நீரை எடுத்துக்கொண்டால், அதில் இட்ட ஒரு கிராம் சித்திரிக் கமிலம் தரக்கூடிய ஐதரசன் அயன்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை ஒட்சைட்டை அடையுமுன்னரே இருகாபனேற்றோடு சேர்ந்து செலவாகிவிடும். இரண்டாவது, சவர்க்காரத்தின் இழப்பு. சாதாரண சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்கசடாகப் பொருளின் மேலேயே ஒட்டும். செயற்கை அழுக்ககற்றிகள் இக்குறைக்குப் பெரிதும் உட்படுவதில்லை. பொற்கொல்லர்கள் நகை கழுவுவதற்குப் பூந்திக்கொட்டையை நாடியதிலும் இந்த நன்மை உண்டு. அதிலுள்ள சப்போனின்கள் மின்னேற்றமற்றவையாதலால் கல்சியத்தால் வீழ்படிவதில்லை. மூன்றாவது, உலரும்போது தோன்றும் புள்ளிகள். துளிநீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணம் வெண்வட்டமாகப் பித்தளையிற் படிகிறது. வடகீழ்ப் பருவமழையில் சேகரித்த மழைநீரால் இறுதியாக அலசி, உடனே துணியால் ஒற்றி வெயிலில் வைத்தால் இப்புள்ளிகள் தவிர்க்கப்படும்.

அமோனியாவும் பருவ வெடிப்பும்

பித்தளையைத் துலக்குவோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு பாடத்தை இந்திய உபகண்டத்தின் மழைக்காலமே உலகுக்கு வழங்கியது. பிரித்தானிய இந்தியாவில் படைக்களஞ்சியங்களில் வைக்கப்பட்ட தோட்டாக் கோதுகள் மழைக்காலங்களில் தாமாகவே வெடிப்புற்றன. பருவத்தோடு வந்ததால் அது பருவ வெடிப்பு எனப்பட்டது. 1921 இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, குதிரை இலாயங்களிலிருந்து எழுந்த அமோனியா ஈரத்தோடு சேர்ந்து, உருவாக்கத்தின்போது கோதினுள் தங்கிப்போன தகைப்பின் துணையால் பளிங்கு எல்லைகள் வழியே உலோகத்தைப் பிளந்ததை விளக்கியது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை மிதமாகச் சூடாக்கித் தகைப்பைத் தணிப்பதே அதற்குக் கண்ட மருந்து. மாட்டுக் கொட்டிலுக்கோ யூரியா மூட்டைகளுக்கோ அருகில் தகட்டுப் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கிவைப்பதும், அமோனியா கலந்த மெருகுநீரைப் பூசிவிட்டு அலசாமல் விடுவதும் அதே ஆபத்துக்கு இடமளிப்பனவாகும்.

போர் விட்டுச்சென்ற கோதுகள்

1983 இலிருந்து 2009 வரை நீண்ட போரின் எச்சமாகக் குடாநாட்டு மண்ணிலும், குறிப்பாக அதன் கழுத்துப் பகுதியான முகமாலை, ஆனையிறவுப் புறங்களிலும் ரவைக் கோதுகள் புதைந்து கிடக்கின்றன. முகமாலை முன்னரங்கில் செறிந்திருந்த மிதிவெடிகளை அகற்றும் பணியில், 2002 முதல் இலங்கையில் இயங்கும் ஹலோ டிரஸ்ட் உட்பட்ட அமைப்புகள் பல ஆண்டுகளாக உழைத்துவருகின்றன. இங்கு மிகுதியாகப் பயன்பட்ட 7.62×39 மில்லிமீற்றர் சீனத் தோட்டாக்களின் கோதுகள் பெரும்பாலும் அரக்குப் பூசிய அல்லது செம்பு முலாமிட்ட உருக்கினால் ஆனவை. காந்தத்தில் ஒட்டும் அவை பித்தளையே அல்ல. மண்ணில் கிடக்கும் எதுவும் வெற்றுக் கோதுதானா, வெடிக்காத தோட்டாவா என்பதைப் பயிற்சி பெற்றவரே தீர்மானிக்க முடியும். கண்டவர்கள் தொடாமல் பொலிசாருக்கோ மிதிவெடி அகற்றுவோருக்கோ அறிவிப்பது உயிரைக் காக்கும் கடமையாகும்.

நீக்கியது எங்கே போகிறது

சுட்ட கோதிலுள்ள கசடு வெறும் கரியன்று. தோட்டாவின் தீமூட்டியில் ஈயம், பேரியம், அந்திமனி ஆகியவற்றின் சேர்மங்கள் உள்ளன. கோதுகளை உலர்ந்த அக்ரூட் ஓட்டுத் தூளில் உருட்டும் பழைய முறையில் இந்த ஈயம் தூசாக எழுந்து நுரையீரலை அடைகிறது. ஈர முறை அத்தூசை நீரிலேயே அடக்கிவிடுவது அதன் பெரும் நன்மை. ஆனால் அடக்கப்பட்ட ஈயம் அழிந்துபோவதில்லை; அமிலத்தால் கரைந்து கழிவுநீரில் தங்குகிறது. ஈயம் கலந்த பித்தளை விளக்கைப் புளியால் துலக்கிய நீருக்கும், அளவில் குறைவாயினும், இக்கூற்று பொருந்தும்.

வேறு நிலங்களில் களிமண் இவ்வயன்களைப் பற்றி நிறுத்தக்கூடும். குடாநாட்டில் மெல்லிய மண்படைக்குக் கீழே உடனடியாகப் பிளவுகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல் வருகிறது. ஊற்றிய நீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையும் வழிகள் அதில் ஏராளம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இம்மண்ணில் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர் வில்லையே குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம் என்பதைப் புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நின்று காட்டுகிறது. குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கும், செம்பு 2 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. ஒரு கிராம் ஈயம் 1,00,000 லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது என்று கணக்கிட்டால், துலக்கிய நீரைக் கிணற்றடியில் ஊற்றும் வழக்கத்தின் பொருள் விளங்கும். சுண்ணாம்பு இட்டு நீரைக் காரமாக்கினால் கரைந்த உலோகங்களிற் பெரும்பகுதி அடியிற் படியும். ஆயினும் சித்திரிக் கமிலம் சிலவற்றைப் பிடித்து வைத்திருக்குமாதலால், தெளிந்த நீரையும் கிணற்றுக்கு அப்பாலேயே அகற்றி, கசடைத் தனியே கட்டி ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

துலக்கக் கூடாதவை

எல்லாக் களிம்பும் அழுக்கன்று. கந்தரோடையில் ஆய்வாளர் போல் பீரிசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிக்கொணர்ந்தவை போன்ற பழங்காசுகளிலும், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது காசுகளிலும், எழுத்தும் சின்னமும் பல இடங்களில் உலோகத்தை விட்டுக் களிம்புப் படையிலேயே நிலைபெற்றிருக்கும். அப்படையைப் புளியால் கரைத்தாலோ ஊசிகளோடு உருட்டினாலோ காசு ஒளிரும். ஆனால் அது எந்தக் காலத்தது, எந்த மண்ணில் கிடந்தது என்பதற்கான சான்று கழிவுநீரோடு போய்விடும். தோட்டத்தைக் கொத்தும்போது கிடைக்கும் பழங்காசைத் துலக்காமல் தொல்லியல் துறையினரிடமோ பல்கலைக்கழகத்தாரிடமோ காட்டுவது, பணத்தால் ஈடுசெய்ய முடியாத வரலாற்றைக் காப்பதாகும்.

ஆகவே ஈர உருட்டல் முறை யாழ்ப்பாணத்துக்குத் தரும் பயன் ஒரு புதிய இயந்திரம் மட்டுமன்று; பழைய பழக்கங்களை அளவிட்டுப் பார்க்கும் ஓர் உரைகல்லுமாகும். புளியும் தேசிக்காயும் சரியான தேர்வுகளே என்பதை அது உறுதிப்படுத்துகிறது. அவற்றை நெடுநேரம் விட்டுவைப்பதும் செங்கல்தூளால் கீறுவதும் தேவையற்ற இழப்பு என்பதையும் காட்டுகிறது. பேணிகளையும் சிறு விளக்குகளையும் தொகையாகத் துலக்க வேண்டிய கோயில்களும் மண்டபங்களும் இம்முறையைக் கைக்கொண்டால், புளியமிலத்தில் தோலுரியும் கைகளுக்கு ஓய்வு கிடைக்கும். கழிவுநீரும் பல முற்றங்களில் சிந்தாமல் ஓரிடத்தில் சேர்வதால் அதைக் கையாள்வதும் எளிதாகும். அந்நீரை முறையாக அகற்ற ஆயத்தமில்லாத இடத்தில் உருளையைச் சுழற்றத் தொடங்குவது தகாது. பித்தளை எத்தனை முறை மங்கினாலும் மீண்டும் துலக்கிக்கொள்ளலாம். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய ஈயத்தை மீளப் பெறுவதற்கு வழியில்லை.